புகைபோக்கிக்கு மேலே சிலுவை

பெரியகல்லாறு,
12.05.2025

யோகராசா அண்ணனுக்கு,

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம். தென்னைகள் தலையில்லாமல் நின்ற வருடம். கூரை வேயக் கிடுகு கிடைக்காமல் பாதி ஊர் தறப்பாளுக்குக் கீழே படுத்த வருடம். என் மூத்தவள் மார்கிறட் எழும்பி நடந்த வருடம். அந்த வருடம் மாசி மாதத்தில்தான் நீங்களும் நானும் தோல் பதனிடும் தொழிற்சாலை வளவுக்குள் கிடங்கு வெட்டி, அமிலக் கழிவு நிறைந்த பதினேழு பீப்பாக்களைப் புதைத்தோம்.

இதை எழுதுவிப்பது மத்தேயு. நீங்கள் கங்காணியாக இருந்தபோது உங்களுக்குக் கீழே சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவன். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மேர்லின் ரீச்சர், பென்சன் எடுத்தவர், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். சொன்னபடியே எழுதுங்கோ என்றால், கடிதத்துக்கு ஒரு முறை இருக்கிறது என்று திருத்தி எழுதுகிறார். ஆகையால் பேச்சு என்னுடையது, நடை அவருடையது.

நாற்பத்தாறு வருடமாக உங்களோடு நான் பேசவில்லை. இப்போதும் பேச்சுக்காக எழுதவில்லை.

தொழிற்சாலை சண்டைக் காலத்தில் மூடிக் கிடந்து, கூரை போய், சுவர் போய், இப்போது புகைபோக்கி மட்டும் நிற்கிறது. அந்த வளவைச் சுத்தமாக்கி ஊருக்குக் கொடுக்கப் போகிறார்கள். பாலர் பாடசாலையும் விளையாட்டு மைதானமும் வரப் போகிறது. ஆர்த்திகா என்று ஒரு இஞ்சினியர் பிள்ளை வந்து, வளவு முழுக்க முளை அடித்து, துளை போட்டு மண் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பி, மேல்மண்ணை இரண்டடி வழித்து அள்ளி, கிறவல் மண் பரப்பிவிட்டது. எல்லாம் சுத்தம் என்று கடதாசி வந்திருக்கிறது. துளை போட்டது ஆறடி வரைதான். நம்முடைய பீப்பாக்கள் அதற்குக் கீழே.

நான் போய்ச் சொன்னேன். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, கேட்டது. நான் காட்டிய இடத்தில் பெக்கோ இயந்திரத்தால் தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. இன்னும் நாலடி தள்ளித் தோண்டினார்கள். வெள்ளை மணல்.

ஆடி, அதாவது யூலை, இருபதாம் திகதி பாடசாலைக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். அதற்கு முன் நீங்கள் இடத்தைச் சொல்ல வேண்டும். எனக்குக் காது மந்தம், தொலைபேசி சரிவராது. அதோடு, “எழுத்தில இருந்தாத்தான் நான் மேல காட்டலாம் ஐயா” என்று ஆர்த்திகா சொல்லியிருக்கிறது.

மத்தேயு


திருகோணமலை,
24.05.2025

மத்தேயுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம். மகளோடு இருக்கிறேன். எண்பத்திரண்டு வயதாகிறது.

நீ கேட்கும் விடயம் எனக்கு ஞாபகம் இல்லை. படித்தவர்கள் மண்ணைச் சோதித்துச் சுத்தம் என்று சொன்னால் சுத்தம்தான். வயது போன காலத்தில் ஊரார் சிரிக்கும்படி வைத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. உனக்கு எழுதித் தருகிறவர் வெளியாள். எழுத்தில் வைக்கக் கூடியது எது, கூடாதது எது என்று நினைத்துப் பேசு.

யோகராசா

பி.கு: எந்தப் பக்கத்தில் தோண்டினார்கள்?


பெரியகல்லாறு,
03.06.2025

யோகராசா அண்ணனுக்கு,

ஞாபகம் இல்லை என்று எழுதிவிட்டுக் கீழே எந்தப் பக்கம் என்று கேட்கிறீர்கள். ரீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

தோண்டியது கடற்பக்கம். புகைபோக்கியிலிருந்து தெற்கே போய், மதிலுக்குக் கிட்ட.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தொழிற்சாலைக்கு வரமுன் ஆற்றில் மீன் பிடித்தவன் நான். தண்ணீருக்குள் முளை அடித்து வைக்க முடியாது. ஆகையால் வலை விட்ட இடத்தில் தோணியை நிறுத்தி, கரையில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருளைப் பார்த்துக்கொள்வோம். அது ஒரு கோடு. வேறு திசையில் இன்னும் இரண்டைப் பார்த்துக்கொள்வோம். இரண்டு கோடும் வெட்டுகிற இடம் வலை. கிடங்கை மூடிய அன்றும் பழக்கத்தில் அப்படித்தான் பார்த்தேன். வடக்கே திரும்பினால் மாதா கோயில் கோபுரத்துச் சிலுவை, புகைபோக்கியின் வாய்க்கு நேர் மேலே, திரியில் சுடர் வைத்ததுபோல. மேற்கே திரும்பினால் ஆற்று நடுவில் கண்டல் மரத் திட்டி, அதன் இடது ஓரத்தில், காதுபோல, அக்கரைப் படுவான்கரை அரசமரம். நாற்பத்தாறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குப் போகும்போது அந்தச் சிலுவையைப் பார்த்து, இதுதான் என் குறி என்று நினைத்துக்கொண்டே உள்ளே போகிறேன். என் ஞாபகத்தில் ஓட்டை இல்லை அண்ணன். சம்பளக் கியூவில் யாருக்குப் பின்னால் யார் நின்றது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் கிடங்குக்குள் வெள்ளை மணல்தான் வந்தது. பார்க்க வந்த சனம் சிரித்தது. “அப்பு, உங்களுக்குக் கிணறு வேணுமெண்டா நேர சொல்லியிருக்கலாமே” என்றான் பெக்கோ ஓட்டுகிற நிதுர்ஷன். “இன்னும் கொஞ்சம் தோண்டு, இறால் வரும்” என்றான் இன்னொருவன். நான் அந்த மணலைக் கையில் அள்ளிப் பார்த்தேன். குழம்பிப்போனேன். கோடு சரி, இடம் பிழை. இது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. சாப்பிடும்போதும் கோடு போட்டுப் பார்க்கிறேன். கோடு சரியாகத்தான் வருகிறது.

வெளியாள் என்று ரீச்சரைச் சொல்கிறீர்கள். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அது வேறு விடயம், வேறு நாள். நான் கேட்பது பீப்பாவை. லொறிக்காரன் பஸ்லானை அல்ல. அவனுடைய பெண்சாதி ஆயிஷா உம்மாவின் முகத்தைப் பார்த்து, சூறாவளியில் சுவர் விழுந்து செத்தான் என்று சொன்னவர் நீங்கள். அதற்காகத்தான் உங்களோடு பேச்சை விட்டேன். அதைப் பற்றி இதற்குமேல் இன்னொருவர் கையால் எழுத மாட்டேன்.

இடத்தைச் சொல்லுங்கள். அந்தக் கிறவலுக்கு மேல் சின்னப் பிள்ளைகள் வந்து குந்தப் போகின்றன.

மத்தேயு


திருகோணமலை,
15.06.2025

மத்தேயு,

மூன்று நாளாக உன் கடிதத்தை வாசிக்கிறேன். நான் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். நான் சொல்லவில்லை. ஆயிஷா உம்மாவிடம் சுவர் என்று சொன்னவன் நீ. என் இரண்டு காதாலும் கேட்டேன். உன் பொய்யைக் காப்பாற்றத்தான் நான் அந்த ஊரையே விட்டேன். நீயோ நான் ஓடிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

அது கிடக்கட்டும். ஞாபகத்தில் ஓட்டை இல்லை என்கிறாயே, ஒன்று கேட்கிறேன். எழுபத்தொன்பது மாசியில் நீ எந்தக் கோபுரத்தைப் பார்த்தாய்?

மாதா கோயில் கோபுரம் கார்த்திகை இருபத்துமூன்று சூறாவளியில் விழுந்தது. நீங்கள் புதுக் கோயில் கட்டியது எண்பத்துமூன்றில், அதுவும் பழைய இடத்தில் அல்ல, ரோட்டைத் தாண்டி ஆற்றுப்பக்கம். இடையில் நாலைந்து வருடம் உன் புகைபோக்கிக்கு மேலே வெறும் வானம்தான். நான் சைவக்காரன், எனக்கே இது தெரிகிறது. நீ அந்தக் கோயிலில் கல் சுமந்தவன்.

நீ சிலுவையைக் கண்டது உண்மை என்றால் பீப்பாவைப் புதைத்தது சூறாவளிக்கு முன்னம். முன்னம் என்றால் எப்போது என்று உனக்குத் தெரியும். உன் ரீச்சர் வாசிக்கட்டும், நான் எழுதிவிடுகிறேன். எனக்கு இனிப் பயப்பட நாள் இல்லை.

வேறு நாள் என்று ஒன்று இல்லை மத்தேயு. இரண்டும் ஒரே நாள். கார்த்திகை இருபத்துமூன்று. விடிய வானம் மஞ்சளாகக் கிடந்தது. அடுத்த கிழமை கொழும்பிலிருந்து பார்வையிட ஆட்கள் வருகிறார்கள், பீப்பா ஒன்றும் கண்ணில் படக் கூடாது என்று மனேச்சர் கத்தினார். பஸ்லான் லொறியில் கொண்டுவந்தான். கிடங்கின் அடியில் ஏற்கனவே மயிர் நீக்கிய சுண்ணாம்புச் சேறு கொட்டியிருந்தது. கடைசிப் பீப்பா சரிந்து, உடைந்து, அமிலம் அதற்குள் ஓடியது. அழுகின முட்டை மணத்தோடு நஞ்சுக் காற்று எழும்பியது. அதை நிமிர்த்த இறங்கினவன் குந்தினவாக்கில் சரிந்தான். நீ அவனுக்குப் பின்னால் இறங்கப் போனாய். நான் உன் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தேன். எனக்கு ஒரு கைதான் எட்டியது. அந்தக் கையால் உன்னை இழுத்தேன், அவனை இழுக்கவில்லை.

பிறகு தோல் இழுக்கும் கொக்கியால் அவனை ஏற்றி, உப்புக் கொட்டிலில் கிடத்தினோம். கிடங்கை மூடு என்றார் மனேச்சர். மூடினோம். நீ நிமிர்ந்து சிலுவையைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். பின்னேரம் காற்று வந்தது. அந்தக் கொட்டிலின் சுவர் விழுந்தது உண்மை. அவன் அதற்கு முன்னமே செத்தது அதைவிட உண்மை.

பழைய கோபுரம் நின்ற இடத்திலிருந்து கோடு போடு. ஆற்றுப்பக்கமாக விழும்.

யோகராசா


பெரியகல்லாறு,
27.06.2025

யோகராசா அண்ணனுக்கு,

ரீச்சர் வாசித்துக்கொண்டு வந்து, கொக்கி என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மிச்சத்தையும் வாசிக்கட்டா?” என்று கேட்டார். ஓம் என்றேன். மூன்று தரம் வாசிப்பித்தேன்.

எனக்குத் தலை சுற்றுகிறது அண்ணன். எனக்குள்ளே இரண்டு நாள் இருக்கிறது. ஒன்றில் பஸ்லான் சுண்ணாம்புத் தொட்டியடியில் சரிகிறான், பின்னேரம் சூறாவளி. மற்றதில் மாசி வெயில், நீங்களும் நானும் மட்டும், பீப்பாக்களை உருட்டுகிறோம், பஸ்லான் இல்லை. அந்த மாசி வெயில் என் முதுகில் சுட்டது இன்னும் தெரிகிறது. நடக்காத வெயில் எப்படிச் சுடும்? அதை யார் எனக்குள்ளே கொண்டுவந்து வைத்தது?

யோசித்து யோசித்து இவ்வளவுதான் பிடிபட்டது. பீப்பா எங்கே என்று பிறகு யார் கேட்டாலும், சூறாவளிக்குப் பிறகு துப்புரவாக்கும்போது தாட்டது என்று சொல்லுங்கள் என்றார் மனேச்சர். பஸ்லானின் சாவோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள் என்று. நான் சொன்னேன். என் பெண்சாதிக்குச் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாருக்கும் மாசி மாதம் என்றுதான் சொன்னேன். சொல்லச் சொல்ல அதற்கு வெயில் வந்துவிட்டது போல. என் ஞாபகத்தை நம்பித்தான் நான் எழுத்துப் படிக்காமல் இருந்தேன். இப்போது எதை நம்புவது? இன்று காலையில் தேத்தண்ணீர் குடித்தேனா என்றுகூட ரீச்சரிடம் கேட்டேன். குடித்தேனாம்.

நீங்கள் என் கொலரைப் பிடித்தது மட்டும் எந்த நாளிலும் இல்லை. ஆனால் அந்தச் சட்டையின் கொலர் கிழிந்து கிடந்தது ஞாபகம் இருக்கிறது. காற்றில் கிழிந்தது என்று நினைத்திருந்தேன்.

பழைய கோயிலின் அத்திவாரம் சேமக்காலைக் கல்லறைகளுக்குள் கிடக்கிறது. அதன் மூலையில் இப்போது ஒரு தென்னை. செவ்வாய்க்கிழமை நிதுர்ஷனை அதில் ஏற்றி உச்சி வட்டில் சிவப்புச் சாரத் துணி ஒன்றைக் கட்டுவித்தோம். “இதென்ன அப்பு, கொடியேத்தமா?” என்று மேலேயிருந்து கேட்டான். நானும் ஆர்த்திகாவும் வளவுக்குள் நின்று, சிவப்பு புகைபோக்கிக்கு நேர் மேலே வருமட்டும் ஆற்றுப்பக்கமாக நடந்தோம். இருபது யார் தூரம் நடந்தோம். அரசமரமும் திட்டியின் காதில் வந்து உட்கார்ந்தது.

நின்ற இடத்தில் நாலு புது முளையும் நூலும் இருந்தன. பாடசாலையின் வகுப்பறை.

“ரெண்டு தரம் தோண்டியாச்சு ஐயா. மூண்டாந்தரம் எண்டா நான் யாருக்குப் பதில் சொல்ல?” என்றது அந்தப் பிள்ளை. உங்கள் கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்தேன். வளவிலேயே நின்று வாசித்தது. வருகிற வியாழன் தோண்டுகிறார்கள்.

சுவர் என்று சொன்னது நான் இல்லை. இதில் மட்டும் நான் குழம்பவில்லை என்று எழுதச் சொல்ல நினைத்தேன். இப்போது அதையும் சத்தியமாகச் சொல்ல வாய் வரவில்லை.

மத்தேயு


திருகோணமலை,
10.07.2025

தம்பி மத்தேயு,

சுருக்கமாக எழுதுகிறேன்.

தோண்டினார்களா? என்ன கண்டார்கள்? ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அவனுடைய சோற்றுக் கேரியர் கிடங்கு விளிம்பில் இருந்தது. அதை நீ ஆயிஷா உம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாய்தானே? நான் கொடுக்கவில்லை. நீ கொடுத்திருப்பாய் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இரண்டு நாளாக நித்திரை இல்லை.

யோகராசா


காத்தான்குடி,
21.07.2025

அண்ணன்,

எழுத்து வேறாக இருக்கும். இதை எழுதுவது ரீச்சர் இல்லை, ஜெமீலா. பஸ்லானின் மகள். சூறாவளியன்று தாயின் வயிற்றில் இருந்தவள். நான் சொல்வதை அவள் எழுதுகிறாள். கொஞ்சம் முன்னம் அழுதாள், இப்போது எழுதுகிறாள்.

பீப்பாக்கள் இருந்தன. எட்டடியில் முதலாவது. வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள் இறங்கினார்கள், சனத்தை ரோட்டுக்கு அப்பால் விட்டார்கள். மண் பாசிபோலப் பச்சை. பதினேழில் ஆறு உக்கி ஊற்றிவிட்டன. ஆர்த்திகா என்னிடம் வந்து, “ஐயா, இந்த மண் முழுக்க வெளியேறாமல் இஞ்ச ஒரு கல்லும் வைக்க விடமாட்டன்” என்றது. நேற்று வெட்ட இருந்த அத்திவாரம் நின்றுவிட்டது. பாடசாலையைக் கடற்பக்கம், நான் காட்டிய வெள்ளை மணலில் கட்டப் போகிறார்களாம். நிதுர்ஷன் இப்போது என்னைக் கண்டால் கிணற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

ஏழாவது பீப்பாவுக்குப் பக்கத்தில் கேரியர் இருந்தது. மூன்று அடுக்கு, அலுமினியம். மூடியில் ஆணியால் குத்திய புள்ளிகள். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்தப் புள்ளிகளைத் தெரியும். ‘ஆ.உ.’ என்று வாசித்தது ஆர்த்திகா. நான் கொடுக்கவில்லை அண்ணன். நீங்கள் கொடுத்திருப்பீர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மண்ணோடு மண்ணாக நாமே தள்ளிவிட்டோம். அதில் நஞ்சு ஏறிவிட்டது, வீட்டுக்குக் கொடுக்க முடியாது என்று பைக்குள் போட்டு ஒட்டிவிட்டார்கள். படம் எடுத்துத் தந்தார்கள். அந்தப் படத்தைக் கொண்டுதான் பஸ் ஏறினேன்.

ஆயிஷா உம்மா அந்தக் காலத்தில் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தவர், பிறகு தாய்வீட்டுக்கே வந்துவிட்டார். என்னைக் கண்டதும், “மத்தேயு அண்ணனா? நடை மாறல்ல” என்றார். படத்தைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அண்டைக்குக் கணவாய்க் கறி” என்றார். “திறந்தே பாக்கல்ல போல.”

நான் வழியெல்லாம் பாடமாக்கி வந்ததைச் சொன்னேன். கிடங்கு, அமிலம், கொக்கி, கொலர். ஒன்றையும் விடவில்லை. கடைசியில், “தங்கச்சி, சுவர் விழுந்ததெண்டு உங்களுக்குச் சொன்னது கங்காணியாரா, நானா? ரெண்டு பேரும் ஆளையாள் சொல்லிக்கொண்டிருக்கம். எனக்கு ஒண்டும் விளங்குதில்ல” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார் அண்ணன். கோபமாகச் சிரிக்கவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் வாயே திறக்கல்ல. அவர்ர மையித்த வண்டிலில கொண்டு வந்தீங்க. நாந்தான் கேட்டன், ‘சுவர் விழுந்திட்டா?’ எண்டு. ரெண்டு பேரும் தலையக் குனிஞ்சீங்க.”

“அப்ப நீங்க நம்பினீங்க.”

“முகத்தில ஒரு கீறல் இல்ல. சட்டையில முட்டை மணம். சுவர் விழுந்தா முட்டை மணக்குமா?”

“தெரிஞ்சா பிறகு ஏன் கேக்கல்ல?”

“கேட்டன்தானே. நீங்கதானே குனிஞ்சீங்க.”

இந்த இடத்தில் ஜெமீலா பேனாவை வைத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கா, தனக்கா என்று தெரியவில்லை. நான் குடித்தேன்.

இடம் தேடி இரண்டு கிடங்கு வெட்டிய கதையையும் சொன்னேன். சிலுவைக் கோட்டைச் சொன்னேன், தென்னையில் கட்டிய சாரத்தைச் சொன்னேன். “என்னட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்” என்றார். “பத்து மணிக்குக் கேரியரக் குடுத்த இடம் மறக்குமா? ஆத்துப்பக்கம், புங்கமரத்து நிழல். அவர் கை கழுவ மாட்டார் எண்டு ஏசிப்போட்டு வந்தன். ஒருத்தரும் என்னட்ட வரல்லயே, கேக்க.” அந்தப் புங்கமரத்தை நான் மறந்தே போனேன். அதன் அடிக்கட்டையை அந்தக் கிடங்குக்குப் பக்கத்தில் பெக்கோ பிடுங்கிப் போட்டிருந்தது.

உங்களை வரச் சொல்கிறார். ஏசுவதற்கா என்று கேட்டேன். வந்தால் தெரியும் என்கிறார்.

ஆர்த்திகாவுக்கு ஒரு கடதாசி வேண்டுமாம். அன்று அந்த வளவில் நின்றவர்கள் யார், சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள் என்று. ஜெமீலாவைக் கொண்டு இதன் அடியிலேயே எழுதுவிக்கிறேன். மனேச்சர் கொழும்பில் செத்து இருபது வருடம். வாசலில் காவல் நின்ற அன்ரோவைச் சுனாமி கொண்டுபோனது. தேத்தண்ணீர் ஊற்றிய இலட்சுமிப்பிள்ளை முந்திய வருடம் போனாள். பஸ்லான் அன்றே கிடங்குக்குள் செத்தான். பிறகு உங்கள் பெயரையும் என் பெயரையும் எழுதினாள். வெட்டிவிடு மகள் என்றேன். நடக்காத வெயிலை முதுகில் சுமந்தவன் ஒருவன், சொல்லாத பேச்சைக் காதால் கேட்டவர் ஒருவர். நாம் சாட்சி இல்லை. அன்று அங்கே வந்து, கண்டதைக் கண்டபடியே வைத்திருப்பவர்களில் இன்றைக்கு உயிரோடு மிச்சம் ஒருவர்தான். ஜெமீலா நம் இருவரையும் கோடு போட்டு வெட்டிவிட்டு, கீழே முழுப் பெயராக எழுதுகிறாள்: ஆயிஷா உம்மா.